கடலோர மனை: 50 மீட்டரா, 200 மீட்டரா?

கேள்வி, 17 நவம்பர் 2024

"அப்பா 1994-ல் ஈசிஆரில் கோவளம் தாண்டி 12 சென்ட் வாங்கிப் போட்டார். பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம். கடலிலிருந்து 90 மீட்டர் இருக்கும். முன்பு இங்கே கட்டவே முடியாது என்றார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டது, 50 மீட்டர் விட்டால் போதும் என்கிறார் தரகர். கட்டலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்."

17 நவம்பர், இரவு

தரகர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கேட்டால் மனை விற்காது என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

நான் சிவில் டிப்ளமோ. 1993 முதல் திருவான்மியூருக்குத் தெற்கே வீட்டு வரைபடம் போட்டுக் கொடுத்துப் பிழைத்தவன். எனவே கடலோர வீடுகளின் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1991 பிப்ரவரி 19-ல் வந்தது முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. சிஆர்இசட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கரையிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாட்டில். கிராமப்புறக் கடற்கரை என்றால் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டுமானமே கூடாது. 200-க்கும் 500-க்கும் நடுவில் தரைத்தளமும் ஒரு மாடியும், 9 மீட்டர் உயரத்துக்குள். இதைச் சுமார் 25 முறை திருத்தினார்கள். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வேட்டியில் நூலைவிட ஒட்டு அதிகமான பிறகு, 2011-ல் புதிது வந்தது. 2019 ஜனவரியில் இன்னொன்று. தரகரின் 50 மீட்டர் அந்த 2019-ல் இருக்கிறது. ஆனால் எல்லா ஊருக்கும் இல்லை.

18 நவம்பர்

காலையில் எழுந்ததும் உறைத்தது, முக்கியமான கேள்வியைக் கேட்கவே இல்லை. 90 மீட்டர் என்றீர்களே, எங்கிருந்து அளந்தீர்கள்? அலை கால் நனைக்கும் இடத்திலிருந்தா?

அப்படியென்றால் அந்த அளவு செல்லாது. கணக்கு தொடங்குவது உயர் அலைக் கோட்டிலிருந்து. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் தண்ணீர் அதிகபட்சம் ஏறும் இடம் அது. அதைக் குறிக்க மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் சிலதான் உண்டு. நம் பக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகத் தொலை உணர்வு நிறுவனம் ஒன்று. சர்வேயரோ நானோ டேப்பைப் பிடித்துக் கொடுத்தால் அது எங்கள் ஆறுதலுக்கு.

18 நவம்பர், மதியம்

ஆமாம், அலையிலிருந்துதான் அளந்தேன், போன மே மாதத்தில் என்று எழுதியிருக்கிறார்.

மே மாதம்! தரகர்கள் கடலோர மனையைக் காட்டுவதே அப்போதுதானே. நம் கரை ஐப்பசி கார்த்திகையில் மணலைக் கொடுக்கும், தை தாண்டி மெல்லத் திரும்ப வாங்கும். கோடையில் கரை அகலமாக, வெள்ளையாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பெண் கொடுப்பவர்கள் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

20 நவம்பர்

விட்ட இடத்துக்கு வருகிறேன். 2019 அறிவிக்கை கிராமப்புறக் கடற்கரையை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் மூன்று-ஏ என்ற வகை. அங்கேதான் 50 மீட்டர். அதற்குக் கீழே என்றால் மூன்று-பி, பழைய 200 மீட்டரேதான். கழிமுகம், உப்பங்கழிக் கரைகளுக்கு வேறு கணக்கு.

அந்த மூன்று-ஏ சலுகையும் தானாக வந்துவிடாது. மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தை 2019 விதிப்படி புதுப்பித்து மத்திய அரசு ஒப்புக்கொண்ட பிறகுதான் புது விதி. அதுவரை 2011-தான். 2023-ல் தமிழ்நாட்டுக்கான வரைவு வெளிவந்தபோது மீனவர்கள் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. குப்பங்களையே காணோம். வலை காயவைக்கும் இடம், படகு ஏற்றும் இடம் எதுவும் குறிக்கப்படவில்லை. அந்த வரைபடத்தில் இல்லாத இடம் நாளைக்குக் காலி இடம். காலி இடம் அடுத்த நாள் மனை.

உங்கள் ஊராட்சியின் 2011 மக்கள்தொகையைப் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள்.

21 நவம்பர்

வகுத்து அனுப்பியிருக்கிறார். 2161-க்கு வெகு கீழே. அதாவது 200 மீட்டர். அதாவது கட்ட முடியாது.

பதில் முடிந்துவிட்டது. ஆனால் "பக்கத்து மனையில் 2009-ல் வீடு கட்டி, பஞ்சாயத்து அப்ரூவலோடு நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த ஒரு வரிக்கு நான்கு நாள் எழுதலாம்.

22 நவம்பர்

பஞ்சாயத்து அப்ரூவல் என்றதும் எனக்குக் கொச்சியின் மரடு நினைவுக்கு வருகிறது. உப்பங்கழி ஓரம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நான்கு. 2006 வாக்கில் உள்ளாட்சி அனுமதி கொடுத்தே கட்டப்பட்டவை. வங்கிக் கடன், வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் பக்காவாக இருந்தன. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 இரண்டு நாளில் வெடிவைத்துச் சாய்த்தார்கள். ஒரு கட்டடம் விழ ஆன நேரம் சில விநாடி. வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடு 25 லட்சம்.

தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்: "நீங்க போட்ட பிளான் எதுவும் இதுல இல்லையே?" சிரிப்பாகத்தான் கேட்டாள். நான் எழுந்து போய்ப் பழைய கோப்புகளைத் தேடினேன்.

24 நவம்பர்

சொல்கிறேன் என்றேன் அல்லவா.

1996. மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு ஊர். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்து வந்தவர், நல்ல மனிதர். மனைக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் மணல்மேடு. அடப்பங்கொடி படர்ந்து, ராவணன் மீசை முள்ளாய் நிற்க, பின்னால் சவுக்கு. "மேடு மறைக்கிறது, உட்கார்ந்தால் கடல் தெரிய வேண்டும்" என்றார். வாய்க்கால் மாதிரி நாற்பது அடி அகலத்துக்கு மேட்டை வெட்டினோம். ஜேசிபிக்கு அரை நாள் வேலை. எடுத்த மணலைப் பள்ளத்தில் கொட்டிச் சமன் செய்தோம். மணல்மேட்டைத் தொடக்கூடாது என்பது 1991 விதியிலேயே இருந்தது. எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அங்கே போனேன். தண்ணீர் அந்த நாற்பது அடி வழியாக நேராக உள்ளே வந்து, தரைத்தளத்தைத் துடைத்துவிட்டு, பின்னாலிருந்த தெருவரைக்கும் போயிருந்தது. காவலாளி குடும்பம் மொட்டை மாடிக்கு ஓடிப் பிழைத்தது. இரண்டு மனை தள்ளி மேடு அப்படியே இருந்த இடத்தில் சவுக்கின் அடியில் நுரையும் குப்பையும், அவ்வளவுதான்.

கட்டணம் 6,000 ரூபாய் வாங்கினேன் என்று நினைவு.

25 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் நாடகமாக இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால், அந்த மனை இயல்பிலேயே பக்கத்து மனையைவிடத் தாழ்வு. மேடு முழுதாக இருந்திருந்தாலும் தண்ணீர் வந்திருக்கலாம்.

இந்தச் சண்டை அறிஞர்களிடமும் நடந்தது. பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சுனாமிச் சாவு குறைவு என்று 2005-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே வேறு சிலர் அதே எண்களை எடுத்து, பெரும்பங்கு காட்டுக்கு இல்லை, ஊர் எவ்வளவு உயரத்தில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதற்குத்தான் என்றார்கள். எனக்கு இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. மேடு உயரம். தள்ளிக் கட்டுவது தூரம். நான் அன்று உயரத்தைக் குறைத்து, தூரத்தையும் விடாமல், இரண்டையும் ஒரே வரைபடத்தில் கெடுத்தேன்.

1 டிசம்பர்

நேற்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. இங்கே மின்சாரம் இப்போதுதான் வந்தது. கேள்வி கேட்டவர் மனை என்ன ஆனதோ என்று கேட்கிறார். மனை எங்கும் போகாது சார், பட்டாவில் பத்திரமாக இருக்கும். மணல்தான் போகும்.

5 டிசம்பர்

"பக்கத்து வீட்டுக்காரர் சுவர் கட்டிக் கருங்கல் கொட்டியிருக்கிறார், நானும் கொட்டினால்?"

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

நம் கரையில் மணல் ஓர் ஆறு மாதிரி ஓடுகிறது. தென்மேற்குக் காற்று மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. ஆண்டு முழுக்கக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவது அதிகம். குறுக்கே எதை நீட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே குறையும். சென்னைத் துறைமுகம் கட்டியதும் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் தின்றது. மெரினாவில் சுண்டல் சாப்பிட்டவர்கள் எல்லோரும் வடசென்னையின் மணலில்தான் உட்கார்ந்திருந்தோம்.

புதுச்சேரியில் 80-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் நீட்டினார்கள். நகரத்தின் கடற்கரை போயே போனது. நகரைக் காக்கக் கருங்கல் சுவர். அந்தச் சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு. அங்கே கல் போட்டால் அதற்கும் வடக்கே. இப்படியே எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை வந்துவிட்டது. கடலுக்குள் கல்லை நீட்டிப் போடும் தூண்டில் வளைவு கேட்டு ஊருக்கு ஊர் மறியல். மீனவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீடு விழும்போது வேறென்ன கேட்பார்கள். ஆனால் ஓர் ஊரின் தூண்டில் வளைவு அடுத்த ஊரின் மனு.

வீட்டுச் சுவரும் சின்ன அளவில் இதையேதான் செய்கிறது. மணல்மேட்டில் மோதும் அலை ஏறி, களைத்து, இறங்கும். சுவரில் மோதும் அலை அதே வேகத்தில் திரும்பி அடிமணலை அள்ளிக்கொண்டு போகும். முதலில் சுவருக்கு முன்னாலிருந்த கடற்கரை காணாமல் போகும். பிறகு சுவரின் இரண்டு முனையிலும் பக்கத்து மனை அரிக்கும். உங்கள் மனை அரிப்பதற்கு ஃபெஞ்சல் மட்டும் காரணமில்லை, பக்கத்து வீட்டுச் சுவரும் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன். நேரில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

6 டிசம்பர்

புதுச்சேரியைப் பாதியில் விட்டுவிட்டேன். அங்கே பிறகு தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை வைத்து, 2019 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் கரை திரும்பி வந்தது. போய் நின்று பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது அரசாங்கம் பல கோடி போட்டுச் செய்த வேலை. 12 சென்ட்காரர் செய்கிற வேலை இல்லை.

14 டிசம்பர்

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கட்டுகிறவர்கள் கடைசியில் கேட்பது அதைத்தான்.

மணல் கரையில் மழைநீர் நல்ல தண்ணீராகக் கீழே தங்கி, உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் இருந்தால், கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மோட்டார் வைத்து இழுத்து மேலே ஒரு மீட்டர் குறைத்தால் கீழே நாற்பது மீட்டர் உப்பு ஏறி வரும். அதனால்தான் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக்கூடாது, அதற்கப்புறமும் கையால் இறைக்கும் கிணறுதான் என்று 1991-லேயே எழுதி வைத்தார்கள்.

குப்பத்தில் பழைய ஆட்கள் கையால் மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக் குடித்த அதே வரிசையில், நான் வரைபடம் போட்ட ஒரு வீட்டில் 60 அடி போர், நீச்சல்குளம், புல்தரை. மூன்றாவது கோடையில் தண்ணீர் கரித்தது. சோப்பு நுரைக்கவில்லை, டீ திரிந்தது. அந்த வீட்டம்மா என்னை அழைத்து, "உங்க போர் தண்ணில பருப்பு வேகல" என்றார். இரண்டு அர்த்தத்திலும் சரி. அப்புறம் லாரித் தண்ணீர்தான். அவர்களுக்கு லாரி வாங்க முடிந்தது. பின்னால் ஊற்று உப்பான தெருவுக்கு?

15 டிசம்பர்

வீட்டையும் கடல் விடாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசியின் வெளிப்பெட்டி இரண்டு வருஷம், கீல் ஒரு வருஷம். கம்பிக்கு மேல் கான்கிரீட் போதுமான கனம் இல்லையென்றால் உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து ஊதி, சன்ஷேடு தோல் உரிவது போல உரிந்து விழும். கடல் மணலையே கலவையில் போட்ட மேதை ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.

26 டிசம்பர்

இருபது வருஷம்.

இன்று காலை குப்பத்தில் கடலில் பால் ஊற்றினார்கள். ஓரமாக நின்றிருந்தேன்.

2005 மார்ச்சில் அரசாணை 172 வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் தள்ளிப் போனால் ஒன்றரை லட்ச ரூபாயில் புது வீடு. போகாமல் அங்கேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. நியாயமாகத்தான் தெரிந்தது. பலர் போனார்கள். சில கரைகளில் அவர்கள் காலி செய்த வரிசையில் இன்று சுற்றுச்சுவரும் "தனியார் கடற்கரை" என்ற பலகையும் இருக்கின்றன. தனியார் கடற்கரை என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. ஒரே 200 மீட்டர், கட்டுமரக்காரருக்கு ஒரு நீளம், கார்க்காரருக்கு ஒரு நீளம்.

27 டிசம்பர்

இன்னொன்றும் நேற்று கவனித்தேன். முப்பது வருஷமாகப் பார்த்தும் கவனிக்காதது. குப்பத்தின் பழைய வீடு எதுவும் மணல்மேட்டுக்கு முன்னால் இல்லை. முன்னால் இருப்பதெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியவை: படகு, வலை, ஒரு கீற்றுப் பந்தல். கடலில் பிழைப்பவன் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் படுக்கிறான்.

19 ஜனவரி 2025

கரை முழுக்கச் செத்த ஆமைகள். பங்குனி ஆமை, ஆலிவ் ரிட்லி என்கிறார்களே அது. இந்த வருஷம்போல நான் பார்த்ததில்லை. கடலோர வீடுகளின் விளக்குதான் காரணமா என்று ஒருவர் கேட்டார். இல்லை. இவை பெரிய ஆமைகள், பெரும்பாலும் இழுவலையில் சிக்கி மூச்சடைத்துச் சாகின்றன. நம்மீது பழி போட வேண்டிய இடம் வேறு.

குஞ்சு பொரித்து வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கம் ஓடும். இருட்டுக் கரையில் வெளிச்சம் என்றால் கடல்மேல் வானம். நம் கரையில் வெளிச்சம் என்றால் மொட்டைமாடி ஃபோகஸ் விளக்கு. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் 1988-லிருந்து இரவில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். கரை இருட்டாக இருந்தால் அந்த வேலையில் பாதி தேவைப்பட்டிருக்காது. ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பக்க விளக்கை அணைக்கலாம். ஒரு பைசா செலவில்லை.

2 மார்ச் 2025

கேள்வி கேட்டவரோடு நேற்று மனைக்குப் போனேன். புலப்படத்தையும் பழைய லேஅவுட் நகலையும் கொண்டுவந்திருந்தார். லேஅவுட்டில் மனைக்கு முன்னால் இருபதடிச் சாலை, அதற்கு முன்னால் ஒரு வரிசை மனை. நேரில் சாலை இல்லை. முன்வரிசை மனைகளில் பாதி ஈர மணல். மூலைக்கல்லைத் தேடினோம். மீன் வலை சரிசெய்துகொண்டிருந்தவர் எழுந்து வந்து, "கல்லா? அந்தா" என்று கையைக் காட்டினார். அலை பின்வாங்கும்போது மட்டும் தலை தெரிந்தது.

டிசம்பரில் நான் போட்ட ஊகத்தையும் திருத்துகிறேன். பக்கத்து வீட்டுச் சுவரின் முனையில் அரிப்பு இருக்கிறது, ஆனால் சுவரே இல்லாத வடக்கு மனைகளிலும் கிட்டத்தட்ட அதே அளவு போயிருக்கிறது. அந்தக் கரை முழுக்கவே பின்வாங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் காரணமில்லை, வரிசையில் அடுத்தவர்.

3 மார்ச்

இத்தனை நாள் எழுதியும் சொல்லாமல் விட்டது: நகரும் கரையைக் கணக்கில் எடுக்கும் கோடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அபாயக் கோடு என்று பெயர். கரை எவ்வளவு நகர்கிறது, கடல் மட்டம் எவ்வளவு ஏறும், அலை எவ்வளவு வரும் எல்லாம் சேர்த்து இந்திய நில அளவைத் துறை வரைந்தது. ஆனால் 2019 அறிவிக்கை அதைப் பேரிடர் மேலாண்மைக்கான கருவி என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. கட்டட அனுமதிக்கு அது தேவையில்லை. கடல் எங்கே வரும் என்று தெரிந்த கோடு ஓர் அலமாரியில், வீடு எங்கே வரலாம் என்ற கோடு இன்னோர் அலமாரியில். நம் தமிழ்நாட்டுக் கரையில் பத்துக்கு நான்கு பங்குக்கு மேல் 1990-க்கும் 2018-க்கும் நடுவில் அரிப்பைக் கண்டது என்று தேசியக் கடற்கரை ஆய்வு மையமே சொல்லியிருக்கிறது. 50-ஆ 200-ஆ என்று நாம் அடித்துக்கொள்வது, ஓடும் பேருந்திலிருந்து டேப் பிடித்து அளப்பதுதான்.

5 மார்ச்

விற்றுவிடலாமா என்கிறார். விற்கலாம், வாங்குகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லி விற்றால். சொன்னால் யார் வாங்குவார் என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

9 மார்ச்

வீடு இல்லை என்று முடிவு செய்துவிட்டார். "மனையை அப்படியே போட்டு வைத்தால் யாராவது ஆக்கிரமித்துவிட மாட்டார்களா, சுற்றுச்சுவராவது?" என்று கேட்கிறார். சுவர் வேண்டாம். விடுதிகளுக்கான பழைய விதியே உயிர்வேலியும், செடி படர்ந்த முள்கம்பி வேலியும் போதும் என்றுதான் சொன்னது. தடை மண்டலத்திலும் தோட்டம் போடத் தடையில்லை. வலை காயவைக்க வருகிறவர்களுக்கு ஒரு வழி விடுங்கள். காவல் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

10 மார்ச்

அடப்பங்கொடி நாற்று எந்த நர்சரியில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். எங்கும் கிடைக்காது, தேடவும் வேண்டாம். படர்ந்த இடத்திலிருந்து கணுவோடு ஒரு முழக் கொடியை வெட்டி, பாதியை மணலில் புதைத்தால் கணுவில் வேர் விடும். இப்போது வைத்தால் வெயிலில் கருகும். ஆவணி மழையில் வையுங்கள், ஐப்பசிக்குள் பிடித்துவிடும். அந்த வலைக்காரரிடம் கேட்டால் எந்த மேட்டில் எடுக்கலாம் என்று சொல்வார். சொல்லிவிட்டு எடுங்கள்.